வந்தாக, வந்தாங்க, வந்தாவ, வந்தாஹ

பினாங்குத் துறையில் இறங்கிய தமிழர் எந்தச் சீமைக்காரர் என்று அறிய ஒரு வினைச்சொல் போதும். ‘அவர்கள் வந்தார்கள்’ என்பதை அவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்டால் தெரிந்துவிடும். ‘வந்தாங்க’ என்றால் பெரும்பாலும் ஆற்காடு, சேலம், தஞ்சாவூர்ப் பக்கம். ‘வந்தாக’ என்றால் இராமநாதபுரம், சிவகங்கை. ‘வந்தாவ’ என்றால் திருநெல்வேலி. ‘வந்தாஹ’ என்றால் கடலோரத்து முஸ்லிம் வீடு. நான்கும் ஒரே தெருவில் ஒலித்த ஊர் இது. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி ஏற்றிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலக்காரர்களும் வணிகர்களும் கூலிகளும் வந்து சேர்ந்தார்கள். 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833இல் குயின் தெரு மாரியம்மன் கோயில், 1857இல் நகரத்தாரின் தண்டாயுதபாணி கோயில் என்று அவர்கள் எழுப்பியவை நிற்கின்றன. அவர்கள் பேசியது எங்கே நிற்கிறது என்பதுதான் என் கேள்வி.

அது பழைய கதைகளின் எழுத்தில் நிற்கிறது என்பது என் பதில். அகராதிக்காரர் பிழை என்று ஒதுக்கும் எழுத்தில், பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையால் சுழிக்கப்படும் எழுத்தில். இந்த ஊர்த் தமிழ்ப்பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, சிவகங்கைச் சீமையிலிருந்து ரஜூலா கப்பலில் வந்து பினாங்கு வீதிக் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். அம்மாவின் பிறந்த வீடு அக்கரையில், செபராங் பிறைத் தோட்டத்தில். அவர்கள் வட ஆற்காட்டார். எங்கள் வீட்டில் அப்பத்தா ‘வந்தாக’ என்பார், அம்மா ‘வந்தாங்க’ என்பார். இரண்டும் சோற்றோடு சேர்ந்து எனக்குள் போனவை. அதனால் இதை நான் ஆராய்ச்சிக்காரியாகப் பேசவில்லை, வீட்டுக்காரியாகப் பேசுகிறேன்.

கதைகளுக்கு முன்னால் கணக்கு வந்தது. பினாங்கு வீதியில் செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. நீண்ட கூடம். அதில் ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது கடைப் பெயருக்கும், ஒரு மரப்பெட்டி, அதன் முன்னால் ஒரு பாய், ஒரு சாய்வு மேசை. மேலாள், அவருக்கு அடுத்து அடுத்தாள், பெட்டியின் அருகே இருந்து பணம் எடுத்துவைக்கும் பெட்டியடி. பெரும்பாலும் மூன்று ஆண்டு ஒரு கணக்கு. கணக்கு முடிந்ததும் ஊருக்குப் போய்த் திரும்புவார்கள். அந்தப் பேரேடுகளில் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி உண்டு: ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹. உச்சியில் பிள்ளையார் சுழி. புள்ளி வைப்பது கை போன போக்கில். எழுதியவர்கள் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் படித்தவர்கள். காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதினார்கள்.

கிட்டங்கியில் ஆளை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். பெயரைச் சொல்வது மரியாதை இல்லை. விலாசத்தின் தலைப்பெழுத்துகளைச் சொல்வார்கள், அதுவும் எழுத்தின் பழைய பெயரால். குறில் என்றால் அதை நீட்டி ‘னா’ சேர்க்கவேண்டும்: அ என்பது ஆனா, இ என்பது ஈனா, மு என்பது மூனா, லெ என்பது லேனா. நெடில் என்றால் ‘வன்னா’ அல்லது ‘யன்னா’: ஆ என்பது ஆவன்னா, ஈ என்பது ஈயன்னா, நா என்பது நாவன்னா. மு.லெ. என்ற விலாசக்காரர் தெருவில் நடந்தால் ‘மூனாலேனா போறாக’ என்பார்கள். குறிலை நீட்டினால் நெடிலோடு குழம்பிவிடாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். குழம்பாது. வாலைப் பார்த்தால் தெரியும். ‘னா’ குறிலின் வால், ‘வன்னா’வும் ‘யன்னா’வும் நெடிலின் வால். இரைச்சலான கடைத்தெருவிலும் எழுத்துத் தவறாமல் காதில் விழ நம்மவர்கள் வைத்திருந்த ஏற்பாடு இது.

அந்த லேனாவையே எடுத்துக்கொள்வோம். லக்ஷ்மணன் என்ற பெயர் செட்டிநாட்டில் லெட்சுமணன். ‘ல’ ஏன் ‘லெ’ ஆனது? வடமொழியிலிருந்து வந்து ய, ர, ல ஆகிய ஒலிகளிலோ, கனமாக ஒலிக்கும் க, ச, த, ப ஒலிகளிலோ தொடங்கும் சொற்களில், முதல் அகரத்தைத் தமிழ் நாக்கு எகரத்தை நோக்கித் தள்ளும். கெங்கை, செயம், தெயவு, பெலம், ரெத்தம், லெட்சுமி. நம் எழுத்தில் ‘க’ ஒன்றுதான். கனமான ககரத்துக்குத் தனி எழுத்து இல்லை. கெங்கை என்று எழுதியவர், தன்னை அறியாமலே, இங்கே ஒலி வேறு என்று ஒரு குறி விட்டுப் போனார். பிழை என்று திருத்தினால் அழிவது அந்தக் குறி.

அச்சுக்கு வருவோம். இந்த நீரிணைக் கரையில் தமிழ் அச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. சிங்கப்பூரில் மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேச’னில் 1888இல் வந்த ‘விநோத சம்பாஷணை’ உரையாடலாகவே நகரும் எழுத்து. பேச்சைத் தாளில் வைக்கவேண்டும் என்ற ஆசை கடல் கடந்த தமிழருக்கு அப்போதே இருந்தது. தாய்நாட்டில் 1893 முதல் 1895 வரை ‘விவேகசிந்தாமணி’யில் ராஜம் ஐயர் எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ மதுரைச் சீமை அக்கிரகாரத்துப் பேச்சை உள்ளே கொண்டுவந்தது. 1942இல் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்குக் குடியானவர் பேச்சைக் கொண்டுவந்தது. புதுமைப்பித்தன் திருநெல்வேலியைக் கொண்டுவந்தார். ‘கொச்சை’ என்ற வசவு பின்னாலேயே வந்தது, எழுதியவர்கள் நிறுத்தவில்லை.

எங்கள் பக்கத்துக்கு அப்படி ஒருவர் ப. சிங்காரம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் சுமத்ராவின் மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். போரையும் ஜப்பானியர் ஆட்சியையும் கண்டு, 1946இல் ஊர் திரும்பினார். பிறகு மதுரையில் ‘தினத்தந்தி’யில் நாற்பது ஆண்டு அளவுக்கு வேலை பார்த்தார். 1997இல் காலமானார். எழுதியது இரண்டே நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வந்தது. இரண்டிலும் பினாங்கு உண்டு. பினாங்குக்கு வந்து கதை எழுதியவர்கள் பலர். கிட்டங்கிப் பாயில் உட்கார்ந்தவரின் காதோடு எழுதியவர் இவர். ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் முதலாளி வானாயீனா என்றே வருகிறார். ஆவன்னாவும் நாவன்னாவும் நடமாடுகிறார்கள். அடுத்தாளும் பெட்டியடியும் பேசிக்கொள்கிறார்கள். யாரும் அடிக்குறிப்பு போட்டு விளக்கவில்லை. ஒரு பக்கம் சிலப்பதிகாரத்தின் நிழல் விழும் நடை, மறு பக்கம் கடைப் பேச்சு. என் ஐயா இந்த நாவல்களைப் படித்ததில்லை. நான் அவருக்கு வாசித்துக் காட்டியபோது வானாயீனா என்ற பெயரைக் கேட்டதும், அது எந்த விலாசம், எந்த ஊர் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். கதை என்று சொல்லியும் நம்பவில்லை.

மெடானிலிருந்து பினாங்குக்கு ‘புயலிலே ஒரு தோணி’யின் ஆட்கள் வருவது தொங்கானில். சீனர்களின் பாய்மரச் சரக்குப் படகு அது. மலாயில் ‘தொங்காங்’ என்பார்கள். இந்த ஒரு சொல்லில் நம் நாக்கின் சரித்திரமே இருக்கிறது. மலாய்ச் சொல் ஙகர மெய்யில் முடிகிறது. தமிழில் எந்தச் சொல்லும் ‘ங்’ என்று முடியாது; சொல்லின் கடைசியில் நிற்கக்கூடிய மெய்களைத் தொல்காப்பியம் பட்டியலிடும்போதே ஙகரத்துக்கு இடம் இல்லை. அப்படியானால் இங்கே வந்து இறங்கியவர் என்ன செய்வார்? மூன்று வழி கண்டார். தொங்காங் என்பதன் கடைசி மெய்யை னகரமாக்கித் தொங்கான் என்றார். ‘கம்போங்’ என்ற மலாய்க்காரர் குடியிருப்பை மகரத்தில் முடித்துக் கம்பம் என்றார். ‘பினாங்’ என்ற ஊருக்குக் ‘கு’வைச் சேர்த்துப் பினாங்கு என்றார். ஒரே முடிவுக்கு மூன்று தீர்வு, மூன்றும் இலக்கணத்துக்கு இசைந்தவை. இலக்கணம் படிக்காதவர்கள் செய்த காரியம் இது.

அதேபோல் ரப்பரின் மலாய்ப் பெயரான ‘கெத்தா’ தோட்டத்தில் கித்தா ஆனது. கித்தாக்காடு, கித்தா மரம் என்று அது குடும்பம் பெருக்கியது. சீன முதலாளி தவுக்கே. தோட்டத்து வரிசை வீடுகளுக்கு ஆங்கிலத்தில் ‘லைன்’, அது லயம். இவற்றை எல்லாம் காதால் எழுதியவை என்று நான் பிரித்துவைப்பேன். பிற்காலக் கதைகளில் கம்போங், தொங்காங் என்று வரும். அவை கண்ணால் எழுதியவை. பெயர்ப்பலகையிலும் வரைபடத்திலும் ரோமன் எழுத்தைப் பார்த்துத் தமிழில் மாற்றியவை. எங்கள் வீட்டில் மிஞ்சியிருக்கும் ஊர்க் கடிதங்களிலும் இந்த இரண்டும் உண்டு. அப்பத்தாவின் தங்கை சொல்ல யாரோ எழுதியதில் பிணாங்கு. பட்டணத்தில் படித்த சித்தப்பா எழுதியதில் ஆங்கில ஒலியைப் பின்பற்றிய பினேங்கு. ஒரு பழைய கதைப் புத்தகம் கையில் கிடைத்தால், எழுதியவர் தெருவில் நின்று எழுதினாரா, பலகையைப் பார்த்து எழுதினாரா என்று இந்த எழுத்துகளை வைத்தே என்னால் ஓரளவு சொல்ல முடியும்.

துறைமுகம் என்ற சொல்லையே பாருங்கள். துறையில் மூட்டை சுமந்தவர்கள் அதைத் தொறமொகம் என்றார்கள். அலட்சியத்தால் வந்த உச்சரிப்பு அல்ல அது. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ இருந்தால் முதல் அசையின் உகரம் ஒகரமாகவும், இகரம் எகரமாகவும் இறங்கும். துறை தொறை, முகம் மொகம், துரை தொரை, உலகம் ஒலகம். விலை வெலை, இலை எலை, இடம் எடம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இந்த விதி தவறாமல் நடக்கிறது. கால்டுவெல் காலத்திலிருந்து மொழியியலாளர்கள் இதைப் பேசிவருகிறார்கள். கதையில் ஒருவர் தொரை என்று எழுதினால், அவர் எழுத்துப்பிழை செய்யவில்லை. பல நூற்றாண்டுப் பழக்கம் ஒன்றை உள்ளபடி பதிவுசெய்கிறார்.

மலாயாவில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. இங்கே தமிழ் என்பது பேச்சுக்கு மட்டும் அல்ல, மானத்துக்கும் உரியது. 1924இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’, 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ என்று பத்திரிகைகள் வேரூன்றியபோது, கூலி என்று இகழப்பட்ட சமூகம் தன் தமிழைச் செம்மையாக எழுதிக்காட்ட விரும்பியது. அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். அதில் வளர்ந்தவள் நான். ஆனால் அந்த விருப்பத்தின் வேகத்தில் தோட்டத்துக் கதைகளில் கங்காணியும் கூலியும் பாடப்புத்தகத் தமிழில் பேசத் தொடங்கினார்கள். 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேச’னில் கதை வகுப்பு நடத்தினார்கள், 1952 முதல் 1957 வரை கு. அழகிரிசாமி அங்கே ஆசிரியராக இருந்தார். இடைசெவல் கரிசலில் பிறந்தவர், கி. ராஜநாராயணனின் தோழர், மனிதர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்ட எழுத்தாளர். அப்படி ஒருவர் இங்கே வந்து இளையவர்களோடு பழகியது எங்கள் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். பின்னாளில் அவருடைய தோழர் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். பினாங்குத் துறைக்கு அப்படி ஓர் அகராதி வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகளைச் சொல்வேன். 1969இல் பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகம் என்ற நிலையை இழந்தது. கப்பல் குறைந்தது, கடை குறைந்தது, கடைப் பேச்சு குறைந்தது. அடுத்தது 2000. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியது. பழைய நகரத்தில் தலைமுறைகளாகக் குறைந்த வாடகையில் இருந்த குடும்பங்கள் வெளியேறின. எங்கள் குடும்பமும் வெளியேறியது. குயின் தெருவில் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் கேட்ட ‘வந்தாக’வும் ‘வந்தாஹ’வும் தீவின் அடுக்குமாடிகளில் சிதறிப்போயின. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுண்ணாம்புச் சுவருக்கும் ஓட்டுக்கும் இன்று சட்டக் காவல் இருக்கிறது. அங்கே பேசிய பேச்சுக்குக் காவல், அந்தப் பேச்சைக் காதால் எழுதிவைத்த கதைகள் மட்டுமே.

அந்தக் காவலும் பாதிதான். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ‘வந்தாக’ என்று அச்சில் இருப்பதைச் சென்னைப் பிள்ளை ஒன்று அழுத்தமான ககரத்தோடு வாசிக்கும். என் அப்பத்தா அப்படிச் சொன்னதே இல்லை. அவர் வாயில் அந்தக் ககரம் தேய்ந்து, கிட்டத்தட்ட ஹகரமாக, மூச்சுக்காற்றாக வரும். அதைத்தான் கடலோரத்து எழுத்தாளர் ‘வந்தாஹ’ என்று கிரந்த எழுத்துப் போட்டு எழுதினார். அப்பத்தாவின் ஒலியும் பக்கத்து வீட்டு உம்மாவின் ஒலியும் எழுத்தில் இருப்பதைவிட நெருக்கமானவை. எழுத்து அவர்களைப் பிரித்துக் காட்டுகிறது, காது சேர்த்துவைக்கிறது. அதேபோல் ‘வந்தான்’ என்பதன் கடைசி னகரம் பேச்சில் மூக்கொலியாகக் கரைந்துபோகும். அதற்குத் தமிழில் எழுத்தே இல்லை. வட்டார எழுத்து என்பது இசைக்கு எழுதிய சுரக்குறிப்பு மாதிரி. பாடிக் கேட்டவர் பக்கத்தில் இருந்தால்தான் குறிப்பு ராகமாகும். அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் என் மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி ஒரு சிறுகதை எழுதி ஒரு தொகுப்புக்கு அனுப்பினாள். பாட்டி ‘பசியாறிட்டாகளா’ என்று கேட்பதாக எழுதியிருந்தாள். அச்சில் ‘காலை உணவு உண்டார்களா’ என்று வந்தது. பசியாறுதல் என்பது இந்த நாட்டுத் தமிழர் எல்லாரும் காலையில் செய்வது; அந்த விகுதி அந்தப் பாட்டியின் சிவகங்கை. திருத்தியவர் இலக்கணம் அறிந்தவர், நல்ல எண்ணத்தோடுதான் செய்தார். ஆனால் அந்த வரியிலிருந்து ஒரு கிழவி போய்விட்டாள். மாணவி அதற்குப் பிறகு பேச்சுத்தமிழில் எழுதவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆகவே பதிப்பாளர்களிடம் கேட்கிறேன்: பழைய கதைகளை மறுபதிப்பு செய்யும்போது எழுத்தைத் தொடாதீர்கள். கம்பம் கம்பமாகவே இருக்கட்டும், தொரை தொரையாகவே இருக்கட்டும். பின்னால் ஒரு சொற்பட்டியல் சேருங்கள்; அதில் பொருளோடு எந்தச் சீமைப் பேச்சு என்பதையும் போடுங்கள். ஆசிரியர்களிடம் கேட்கிறேன்: பிள்ளை கட்டுரையில் ‘வெலை’ என்று எழுதினால் திருத்துங்கள், கதையில் ஒரு கடைக்காரர் பேசும் இடத்தில் எழுதினால் பாராட்டுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பத்து வயதிலேயே பிள்ளைகளுக்குப் புரியும். நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் உள்ளவர்களிடம் கேட்கிறேன்: ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் ஓர் அத்தியாயத்தை அவர்களை வாசிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் நீங்கள் வாசித்து, அவரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே நாக்கு புத்தகத்தை விட்டு விலகுகிறதோ அங்கே ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். எந்த ஊர், எந்த வருடம் கப்பல் ஏறிய குடும்பம் என்று தொடக்கத்தில் சொல்லிவிடுங்கள். இதற்கு அறக்கட்டளையும் மானியமும் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஒரு மதிய நேரமும், கேட்கும் பொறுமையும் இருந்தால் நடக்கும். எங்கள் வீட்டில் தொடங்கிவிட்டோம். அம்மா வாசிக்கிறார்.